பக்கத்து வீட்டு விளக்கு

1

மாலை ஆறு மணி இருபது. பேருந்தை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது முதலில் கண்டது பச்சையும் வெள்ளையுமான ஒரு பொலிஸ் வாகனம். அது எங்கள் வாசலில் நின்றது. அடுத்துக் கண்டது பக்கத்து வீட்டு யன்னலில் எரிந்துகொண்டிருந்த மேசை விளக்கு. இது ஜேர்மனியில் ஒரு சிறிய ஊர். கோடையில் இங்கே இருட்டுவதற்குப் பத்து மணியாகும். தெரு முழுவதும் வெயில் அடித்துக்கொண்டிருக்க, ஆளில்லாத வீட்டில் அந்த விளக்கு எரிந்தது.

வீட்டுக்காரியின் பெயர் ஹெட்விக். எழுபது தாண்டியவர், தனி ஆள். வடக்கே கடற்கரையோரம் இருக்கும் மகளிடம் இரண்டு கிழமைக்குப் போயிருந்தார். போகும்போது வீட்டைப் பூட்டித் திறப்பை என் மனைவி யோகத்திடம் கொடுத்து, பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்படியும் தபாலை எடுத்து உள்ளே வைக்கும்படியும் கேட்டார். விளக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இரண்டு பொலிஸ்காரர்கள் எங்கள் குசினியில் அடுப்போரம் நின்றார்கள். மூத்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். யோகம் சுவரோடு ஒட்டி நின்றாள். எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. எந்தச் சீருடையைக் கண்டாலும் அவள் சுவர்ப் பக்கம் போய்விடுவாள். இடையில் நின்று, டொச் என்கிற ஜேர்மன் மொழிக்கும் தமிழுக்குமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள் எங்கள் மகள் தாரணி. அவளுக்கு வயது பதினொன்று.

“ஆளில்லாத வீட்டிலை ஒவ்வொரு நாளும் லைற் எரியுதெண்டு ஆரோ ரெலிபோன் பண்ணியிருக்கினம். நீங்களோ போட்டது எண்டு கேக்கினம்.”

“ஓம், நான்தான் எண்டு சொல்லு.”

“வெயில் எறிக்கேக்கை ஏனாம்?”

“விளக்கு வைக்கிற நேரம் ஆறு மணியெண்டு சொல்லு. வீடு இருளக்கூடாதெண்டு சொல்லு.”

“அம்மா, வெளியிலை பாருங்கோ. எங்கை இருண்டு கிடக்கு? இதை டொச்சிலை சொன்னால் விசரெண்டு நினைப்பினம்.”

“நான் சொன்னதைச் சொல்லு.”

தாரணி சொன்னாள். தாய் சொன்னதை அல்ல. வீட்டில் ஆள் இருப்பதுபோலத் தெரிந்தால் கள்ளர் வரமாட்டார்கள், அதற்காகத்தான் அம்மா விளக்குப் போடுகிறா என்றாள். அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு மொழி வரும். யோகத்துக்கு வராது. மூத்த பொலிஸ்காரரின் முகம் தெளிந்தது. நல்ல யோசனை என்றார். ஆனால் எதிர்வீட்டுக்காரருக்கு முதலே சொல்லியிருக்கலாம் என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு இருவரும் போனார்கள்.

“என்னடி சொன்னனீ?” என்று யோகம் கேட்டாள்.

“நீங்கள் சொன்னதைத்தான்” என்றாள் தாரணி, தமிழில்.

2

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும் கிழமையில், ஒவ்வொரு வருடமும் நகரசபை தபால் பெட்டிகளில் ஒரு மடித்த தாளைப் போடும். கோடையில் நல்ல அயலவராக இருப்பது எப்படி என்பது அதன் பொருள். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுவரை புல் வெட்டும் இயந்திரத்தை இயக்கக்கூடாது. ஞாயிறு முழுவதும் கூடாது. இறைச்சி வாட்டும்போது புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவேண்டும். வேலிச்செடி பக்கத்துக் காணிக்குள் நீட்டினால் வெட்டவேண்டும், வெட்டுமுன் சொல்லவேண்டும். தெருவிருந்து நாளில் வாகனங்களைக் காலையிலேயே எடுத்துவிடவேண்டும்.

தாரணி அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசிப்பாள். யோகம் கறி தாளித்தபடியே மறுமொழி சொல்லுவாள்.

“புகை பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாதாம்.”

“பின்னை? மணம் போனால் ஒரு துண்டும் சேர்ந்து போகவேணும். அதைப் போடேல்லையோ உதிலை?”

“பிறர் வீட்டுக்குச் சொல்லாமல் போகக்கூடாதாம்.”

“உதுக்கெல்லாம் கடதாசி அடிச்சுக் குடுக்கினமே!”

தெருவிருந்து நல்ல விருந்து. தெருவின் நடுவே நீளமாக மேசைகளைப் போட்டு, ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவருவார்கள். முதல் வருடம் யோகம் உழுந்து வடை சுட்டுக் கொண்டுபோனாள். ஹெட்விக் ஒன்றைக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர, இன்னொன்றை எடுத்தார். அதிலிருந்து இருவருக்கும் ஒட்டு. அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு டொச் தெரியாது. மணிக்கணக்காகக் கதைப்பார்கள்.

அந்தத் தாளின் கடைசிப் பகுதி விடுமுறைக்குப் போகிறவர்களுக்கானது. திறப்பை நம்பிக்கையான அயலவரிடம் கொடுங்கள், தபால் பெட்டி நிரம்பாமல் பார்க்கச் சொல்லுங்கள். அதன் கீழே ஒரு வரி: ஆளில்லாத வீட்டில் வெளிச்சம் கண்டால் பொலிசுக்கு அறிவியுங்கள்.

எதிர்வீட்டு வில்லி அதைத்தான் செய்தார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அடுத்த நாள் தானே தெருவைக் கடந்து வந்து, பொலிசை அழைத்தது தான்தான் என்று என்னிடம் சொன்னார். அதில் ஒளிக்க எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

3

எங்கள் தெருவில் அப்படியொரு தாள் இருந்ததில்லை.

எங்கள் தெரு என்று நான் சொல்வது யாழ்ப்பாணத்தை அடுத்த வேலணைத் தீவில், சாட்டிக் கடற்கரைக்குக் கிட்ட, யோகத்துக்குச் சீதனமாக வந்த வீடு இருந்த தெரு. எண்பத்து மூன்றில் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் செய்தியாளராகச் சேர்ந்தேன். அடுத்த வருடம் கல்யாணம். காலையில் பாலம் கடந்து பட்டணத்துக்குப் போய், கடைசி பஸ்ஸில் திரும்பி வருவேன். ஊருக்கு நான் வந்து சேர்ந்தவன் என்பதால், ஊரார் கவனிக்காத சிலவற்றைக் கவனிக்க முடிந்தது.

வைகாசி பிறந்தால் வீட்டுக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கும். குடிக்கிற தண்ணீருக்கு எல்லாரும் சாட்டிப் பக்கத்து நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போகவேண்டும். அங்கே உடுப்புத் தோய்க்கக்கூடாது. கடைசியாக அள்ளுகிறவர் ஒரு வாளி நிறைத்துத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டுப் போகவேண்டும், அது மாடுகளுக்கு. கடல் குளிக்கப் பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் கேட்டால் மறுக்கக்கூடாது, போனபின் திட்டலாம். வேலி அடைக்கும் நாளைப் பக்கத்து வீட்டுக்கு முதலே சொல்லவேண்டும். இரண்டு வளவுகளுக்கும் இடையே ஆள் குனிந்து போகிற ஒரு பொட்டு வேலியில் இருக்கும். அதை ஓலை வைத்து அடைத்தால் சண்டை என்று அர்த்தம்.

ஆனியில் நயினாதீவுத் திருவிழா. தெருவில் பாதிப் பேர் வள்ளம் ஏறி விடுவார்கள். போகிறவர்கள் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுப்பார்கள். அதை வாங்குகிறவர் செய்யவேண்டியது ஒன்றுதான்: ஆறு மணிக்கு அந்த வீட்டுச் சாமியறையில் விளக்கு வைக்கவேண்டும். மற்றதெல்லாம் அவரவர் விருப்பம்.

எங்கள் பக்கத்து வீடு பூமணி அக்காவுடையது. ஐம்பது வயதிருக்கும். புருஷன் எப்போதோ போய்விட்டார், பிள்ளைகள் இல்லை, இரண்டு மாடுகள். யோகத்தைத் தூக்கி வளர்த்தவர் என்ற உரிமையில் என்னையும் சேர்த்து அதட்டுவார். காலையில் சைக்கிளை எடுத்தால் வேலிக்கு மேலால் குரல் வரும்.

“என்ன பேப்பர்காரர், இண்டைக்காவது நல்ல சேதி ஏதும் போடுவியளோ, இல்லாட்டி வழமைதானோ?”

ஒரு வருடம் அவருடைய மாட்டுக்கன்று பொட்டுக்குள்ளால் வந்து எங்கள் கத்தரியைத் தின்றுவிட்டது. யோகம் ஏதோ சொல்ல, அக்கா இரட்டிப்பாகச் சொல்ல, அன்று மத்தியானமே பொட்டு அடைபட்டது. அடுத்த நாள் நாங்கள் நயினாதீவுக்குப் போனோம். திறப்பை யாரிடமும் கொடுக்கவில்லை. வழக்கமாக வைக்கும் ஓட்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது சாமியறையில் எண்ணெய் குறைந்திருந்தது. அக்கா ரோட்டால் சுற்றி வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். யோகம் வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டாள்.

“கதைக்கிறேல்லை எண்டு சொன்னனீங்கள்?”

“இப்பவும் கதைக்கேல்லைத்தான். அதுக்காக, நான் பக்கத்திலை இருக்க உங்கட வீடு இருளுறதோ?”

பொட்டை எங்கள் பக்கத்திலிருந்து யோகம் பிரித்தாள்.

4

பிறகு வெளிச்சத்தின் சட்டம் மாறியது. போர் வந்து, வெளிச்சத்தைப் பார்த்துச் சுடும் ஹெலிகொப்டர் இரவில் வரத் தொடங்கியபின், வீட்டில் வெளிச்சம் தெரிந்தால் அயலார் வந்து சத்தம் போடுவார்கள். ஒரு வீட்டின் விளக்கு முழுத் தெருவுக்கும் ஆபத்து. மின்சாரம் நின்று, மண்ணெண்ணெயும் அருமையானபோது, ஜாம் போத்தலுக்குள் திரியை விட்டு எரித்தோம். அதற்கும் சுற்றிக் கடதாசி மறைப்பு. சாமி விளக்கையும் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் வைத்தாள் யோகம். பூமணி அக்கா மட்டும் கேட்கவில்லை.

“சாத்திப்போட்டு வைக்கிறது விளக்கே? களவெடுக்க வந்தவன் வைச்ச மாதிரியெல்லோ கிடக்கும்.”

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் நாங்கள் வெளியேறினோம். தீவுக்குள் ஆமி இறங்கிவிட்டது, ஷெல் கிட்ட விழுகிறது. தெரு முழுவதும் மூட்டை கட்டியது. பாலத்தால் போக ஏலாது. அராலிப் பக்கம் வள்ளம் இருக்கிறது என்றார்கள். தாரணியை நான் தூக்கிக்கொண்டேன். பூமணி அக்கா பட்டியில் நின்றார். மாடு கன்று போட்டு மூன்றாம் நாள்.

“வாங்கோ அக்கா” என்றாள் யோகம். “கன்றை அவிட்டு விடுங்கோ, அது பிழைக்கும்.”

“பச்சைக் கன்று, எப்பிடிப் பிழைக்கும்? நீங்கள் போங்கோடி. ஒரு கிழமையிலை திரும்பி வரத்தானே போறியள்.”

“வராட்டி?”

“வராட்டி நான் வாறன். திறப்பைத் தந்திட்டுப் போ.”

யோகம் திறப்பைக் கொடுத்தாள். சாமியறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு பொந்து உண்டு. அதற்குள் எண்ணெய்ப் போத்தல் இருக்கும். அன்று காலையில்தான் கழுத்துவரை நிரப்பி வைத்திருந்தாள். அதைச் சொன்னாள். ஒரு சின்ன மண் சிட்டி விளக்குக்குத் தீபாவளிவரை காணும் என்றாள். யன்னலைச் சாத்திவிட்டுக் கொளுத்துங்கோ என்றும் சொன்னாள்.

“உன்ரை அலுப்புக் கதை” என்றார் அக்கா. அதுதான் நாங்கள் கேட்ட கடைசிச் சொல்.

5

பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். தீவுகளிலிருந்து வந்த சனம் வகுப்பறைக்கு வகுப்பறை இருந்தது. வருகிறவர்களிடம் எல்லாம் யோகம் பூமணி அக்காவைக் கேட்பாள். கண்டவர் இல்லை.

ஒரு நாள் நெடுந்தீவுக்காரர் ஒருவர் வந்தார். அந்தோனி என்று பெயர், கடற்றொழில். குடும்பத்தை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு, பொழுதுபடுகிற நேரம் சாட்டிக்கு நேரே வந்தபோது கரையில் ஒரு வெளிச்சம் கண்டதாகச் சொன்னார். நான் அலுவலகத்தில் பழகிய முறையில் கேட்டேன்.

“நீங்களே கண்டனீங்களோ, ஆரும் சொன்னதோ?”

“நான் கண்டனான். மனுசியும் கண்டவ.”

“எந்த இடம்?”

“சரிஞ்ச ரெட்டைப் பனை ஒண்டு நிக்குமெல்லோ, அதுக்கு இடப்பக்கம்.”

“எத்தினை வெளிச்சம்?”

“ஒண்டுதான். கரை முழுக்கக் கும்மிருட்டு. அதாலைதான் கண்ணிலை பட்டது. மனுசி பயந்திட்டா. ஆமியோ எண்டு கேட்டா. ஆமி இப்பிடி ஆடுற வெளிச்சம் வையான், உது எண்ணெய் விளக்கு எண்டனான்.”

கடலிலிருந்து பார்த்தால் இரட்டைப் பனைக்கு வலப்பக்கம் பூமணி அக்கா வீடு. இடப்பக்கம் எங்கள் வீடு. தன் வீட்டில் அவர் விளக்கு வைக்கவில்லை, அல்லது அது கடலுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டு விளக்கு கடல்வரைக்கும் தெரிந்தது என்றால், யன்னல் திறந்திருந்தது.

இதை நான் செய்தியாக எழுதிக் கொடுத்திருந்தால் ஆசிரியர் திருப்பித் தந்திருப்பார். கண்டவர் இருவர், தூரம் அதிகம், அது நாங்கள் புறப்பட்ட அதே கிழமை. அதற்குப் பின் எதுவும் இல்லை. யோகத்துக்கு அது போதுமாக இருந்தது.

“அக்கா இருக்கிறா” என்றாள்.

அந்தச் சொல்லோடுதான் நாங்கள் கொழும்புக்கு வந்தோம், இங்கே வந்தோம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் தனக்குத்தானே ஒரு கணக்குப் பார்ப்பாள். எங்கள் எண்ணெய் முதல் தீபாவளியோடு முடிந்திருக்கும், பிறகு அக்கா தன்னுடைய எண்ணெயை ஊற்றுவா, தேங்காய் இருக்கும்வரை எண்ணெய் இருக்கும். நான் மறுத்துப் பேசியதில்லை. என்னிடம் மறுக்க ஆதாரம் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

6

பொலிஸ் வந்துபோன அடுத்த நாள், நான் முன்பு சொன்னபடி வில்லி தெருவைக் கடந்து வந்தார். கையில் சிறிய பெட்டி. உள்ளே நேரம் வைத்துத் தானாக இயங்கும் ஆளி, அதாவது சுவிட்ச். சுவரில் செருகி, விளக்கின் வயரை அதில் மாட்டினால், சொன்ன நேரத்துக்கு எரியும், சொன்ன நேரத்துக்கு அணையும். தன்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை யோகம் வைத்துக்கொள்ளலாம் என்றார். இனி நாள்தோறும் போய்வரும் சிரமம் இல்லை. கள்ளரைத் தடுக்க இது இன்னும் நல்லது, நேரம் பிசகாது என்றார். நல்ல மனிதர். தாரணி எல்லாவற்றையும் தாய்க்குச் சொன்னாள்.

யோகம் பெட்டியை வாங்கிக்கொண்டு சிரித்தாள். அவர் போனதும் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேலே வைத்தாள்.

“தானா எரியுமாமோ?”

“ஓம் அம்மா. நீங்கள் போகத் தேவையில்லை.”

“ஆள் வைக்காமல் எரிஞ்சால் அது விளக்கோ? அது பேய் வீடு.”

“நீங்கள் வெயிலுக்கை விளக்கு வைக்கிறதைத்தான் என்ரை வகுப்புப் பிள்ளையள் பேய் வீடு எண்டு சொல்லுகினம். எங்கட தெருப் பிள்ளை ஒண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டுது.”

யோகம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இடையில் போனேன்.

“யோகம், பிள்ளை சொல்லுறதிலும் ஞாயம் இருக்கு. வழக்கு முடியுமட்டும் பொலிஸ் வாசலுக்கு வாறது நல்லதில்லை. பத்து மணிக்கு இருட்டினாப் பிறகு போடுமன்.”

“பத்து மணிக்கு ஆர் விளக்கு வைக்கிறது?”

“இது வேலணை இல்லையெல்லோ.”

“திறப்பு வாங்கினது நான். நான் பக்கத்திலை இருக்க அந்த வீடு இருளுறதோ?”

அந்தச் சொற்களை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்பது எனக்குத் தெரியும். தன் வாயில் அவை வந்ததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆறு மணிக்குத் திறப்பை ஆணியிலிருந்து எடுத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, வெயிலுக்குள் இறங்கிப் போனாள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹெட்விக் வீட்டுக் கதவு திறந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விளக்கு எரிந்தது. அவள் உடனே வெளியே வரவில்லை. விளக்கின் முன் நின்று என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழும்பிலிருந்து கண்ணன் தொலைபேசியில் எடுத்தான். புளியங்கூடலைச் சேர்ந்தவன், யோகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி, ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். அனுமதி எடுத்துக் கப்பலில் ஊருக்குப் போகப்போவதாக முன்பே சொல்லியிருந்தான். எங்கள் வீட்டையும் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தாள் யோகம். தூர அழைப்பு என்பதால் அவன் கத்திக் கதைத்தான். மேசைக்கு மறுபக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

“அக்கா, வீடு கிடக்கு. கதவு, நிலை ஒண்டும் இல்லை. ஓடு பாதி போட்டுது. சுவருக்கு ஒண்டும் இல்லை.”

“பூமணி அக்கா?”

“வீடு இல்லை அக்கா. அடியோடை விழுந்து கிடக்கு. ஒரே பத்தையும் முள்ளும்.”

“ஆளைக் கேக்கிறன்.”

“திரும்பி வந்து இருக்கிற சனத்திட்டைக் கேட்டனான். ஒருத்தரும் காணேல்லை. அவையள் வரேக்கை அங்கை ஆள் இல்லையாம். மாடும் இல்லை.”

“அவ ஆரோடையேன் போயிருப்பா.”

“இருக்கும் அக்கா.”

யோகம் ரிசீவரை வலது காதுக்கு மாற்றினாள். கொழும்பில் வாகனங்கள் ஒலி எழுப்புவது கேட்டது.

“சாமியறைக்குள்ளை போனனியோ?”

“போனனான். பிள்ளையார் படம் அப்பிடியே கிடக்கு. கண்ணாடிதான் வெடிச்சிருக்கு.”

“நான் சொன்ன இடத்தைப் பார்த்தனியோ? படத்துக்குப் பின்னாலை.”

“பார்த்தனான். போத்தல் கிடக்கு. ஒருத்தருக்கும் தெரியேல்லைப் போல. தூசி பிடிச்சு, மேலை சிலந்தி வலை.”

“வெறும் போத்தலோ?”

பதில் சொன்னபோது அவன் கத்தவில்லை. எனக்குக் கேட்கவில்லை. யோகம் “எவ்வளவு?” என்று கேட்டாள். பிறகு தன் இடது கையை மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலின் மேல் வைத்து, கழுத்துக்குச் சற்றுக் கீழே, போத்தல் அகலத் தொடங்கும் தோளில் விரலை நிறுத்தினாள். கழுத்துவரை நிரப்பிய எண்ணெயில் குறைந்தது சில நாளுக்கானதுதான்.

“அவ்வளவோ?” என்றாள். “சரி. நீ கவனமாயிரு.”

விரலை எடுக்க அவளுக்கு நேரமாயிற்று.

அன்று மாலை நான் வெளியே போய்விட்டு ஐந்தரை மணிக்கு வந்தேன். தாரணி, வில்லி தந்த பெட்டியிலிருந்த தாளைக் கையில் வைத்திருந்தாள். அம்மா தன்னை அதை வாசித்துக் காட்டச் சொன்னா என்றாள். இரண்டு பேருமாக ஹெட்விக் வீட்டுக்குப் போய் அந்த ஆளியை விளக்குக்கு மாட்டிவிட்டு வந்துவிட்டோம் என்றாள். எரிகிற நேரம் எது, அணைகிற நேரம் எது என்று அம்மா இரண்டு தடவை கேட்டாவாம்.

யோகம் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஹெட்விக் வீட்டுத் திறப்பு கதவோரத்து ஆணியில் தொங்கியது.

ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு யன்னலில் விளக்கு எரிந்தது.